இரண்டு ஈ போட்ட வீக்

கல்கத்தா இந்தியாவுக்கே தலைநகரமாக இருந்த காலத்தில் நடந்தது இது. பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்க்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கார் ஆபீஸில் சுருக்கெழுத்து வேலை. துரை வாயால் சொல்லச் சொல்ல, இவர் கோடும் கொக்கியுமாகக் கிறுக்கிக்கொண்டு வந்து, பிறகு அதை டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் இதைச் சொல்ல உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு படபடக்கிறது. துக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்திரத்தில்.

அவருக்கு மேல் கிரேடு கிடைக்க வேண்டுமானால் வேகப் பரீட்சை ஒன்று பாஸ் செய்ய வேண்டும். அதற்குத் தினமும் யாராவது எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் படித்துக்கொண்டே போக வேண்டும், இவர் எழுதிப் பழக வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள் நாலு நாள் வந்தார்கள், ஐந்தாம் நாள் நின்றுவிட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்த வாய் என்னுடையதுதான். எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, ஆனால் தமிழ் தடுமாறாமல் படிப்பேன். இவர் ஒரு யுக்தி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆபீஸ் கடிதங்களை எல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் நான் அதைப் பார்த்துக் கடகடவென்று படிப்பேன். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று ஆரம்பித்து 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' வரைக்கும் ஒரே மூச்சு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி என் வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வந்தது. குழாய்க்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

ஒருநாள் தான் எழுதியதை நீட்டி எழுதி, மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு 'ரைட்'டில் தப்பு வந்துவிட்டதாம். நான் சரியாகத்தானே படித்தேன் என்று சண்டைக்குப் போனேன். அப்போதுதான் சொன்னார், ரைட் என்றால் வலது பக்கம், ரைட் என்றால் எழுது, ரைட் என்றால் சடங்கு, மூன்றுக்கும் சத்தம் ஒன்று, எழுத்து வேறு என்று. சுருக்கெழுத்தில் காதில் விழுகிற சத்தத்துக்குத்தான் கோடு. ஆகவே மூன்றுக்கும் ஒரே கோடு. திருப்பி எழுதும்போது எந்த ரைட் என்று தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பரீட்சையில் பாதிப் பேர் அங்கேதான் கவிழ்கிறார்களாம்.

அன்றிலிருந்து எங்கள் பயிற்சியே அதுவாகிவிட்டது. அவர் அந்த மாதிரிச் சொற்களாகப் பொறுக்கி ஒரு ஜாபிதா போட்டுக் கொடுத்தார். நான் சத்தத்தைச் சொல்வேன், அவர் எழுத்துக் கூட்டி அர்த்தங்களைச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டல் என் காதில் ஏறவில்லை. அர்த்தங்கள் எல்லாம் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. ஃப்ளவர் என்றால் பூ, மாவு. டியர் என்றால் பிரியம், மான். துரைமார்கள் கடிதத்துக்குக் கடிதம் ஒருவரையொருவர் மானே மானே என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நான் சொல்லிச் சிரித்தால் அவருக்கும் பேனா ஓடாது. மீட் என்றால் சந்திப்பது, மாமிசம். அது தெரிந்த அன்றைக்கு எழுந்து போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தேன். இத்தனை நாள் எத்தனை மீட்டைப் படித்தேனோ. வீக் என்றால் வாரம், வீக் என்றால் பலம் இல்லாமல் தளர்ந்து கிடப்பது. இதுவும் அந்த ஜாபிதாவில் இருந்தது, நடுப்பக்கத்தில், ஸ்டீல் என்ற சொல்லுக்குக் கீழே.

ஒரே சத்தமாக இருந்தால் எந்த அர்த்தம் என்று எப்படித்தான் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாரு. யார் சொல்றா, எதுக்குச் சொல்றான்னு பாரு. சங்கதி தானே காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

மாடியில் குடியிருந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ஹெட் கிளார்க். மாடி மாமா என்போம். பவானிபூரில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் இங்கிலீஷ் என்றால் அவர்தான். யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அவரிடம்தான் போகும். அவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, ஒரு தடவை இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் சொல்லுவார். நான் ஜாபிதாச் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தது படி வழியாக அவர் காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் கீழே வந்து நின்று கேட்டுவிட்டு, இதுதான் சமையல்கட்டு இங்கிலீஷோ என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

வெயில் காலம் வந்தால் வைஸ்ராய் லாட் சாகிப் மலைமேல் சிம்லாவுக்குப் போய்விடுவார். ஆபீஸும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறும். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பெயரும் சிம்லா லிஸ்டில் வந்தது. குடும்பத்தை அழைத்துப் போக வழியில்லை. மாடி மாமா இருக்கிறார், அடுத்த வீட்டில் தீதி இருக்கிறாள் என்ற தைரியத்தில் என்னை விட்டுவிட்டுப் போனார். தீதி வங்காளிப் பெண், என்னைவிட நாலைந்து வயது பெரியவள். அவள் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவளிடம் பேசிப் பேசியே எனக்கு வங்காளி வந்துவிட்டிருந்தது.

அவர் போன மூன்றாம் வாரம் காலையில் தந்தி வந்தது. அந்த நாளில் தந்தி என்றாலே கெட்ட சமாசாரம்தான். ஈரக்கையோடு மாடிக்கு ஓடினேன். மாமா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஊரிலிருந்து என் அண்ணா அடித்திருக்கிறான். மூன்றே சொல். ஃபாதர் வீக் கம்.

உன் அப்பா இன்னும் ஒரு வாரத்தில் இங்கே வருகிறார், நல்ல சமாசாரம்தான், இதற்குப் போய் ஏன் முகம் வெளுக்கிறது என்றார் மாமா.

எனக்கு அந்த வீக் சத்தம் காதில் விழுந்தவுடனேயே இரண்டு அர்த்தமும் சேர்ந்துதான் வந்து நின்றது. அப்பாவுக்கு விட்டு விட்டு ஜுரம் வருகிறது என்று பத்து நாள் முன்னால்தான் அண்ணா கடுதாசி போட்டிருந்தான். அதுவும் தவிர, கம் என்றால் வா. வருகிறேன் என்றால் கம்மிங். ஆறு மாதம் அந்த நோட்டைப் படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"மாமா, வீக்னா இன்னொரு அர்த்தமும் உண்டே. உடம்பு தளர்ந்து போறதுன்னு."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அந்த வீக்குக்கு எழுத்து வேற. இதோ பாரு, டபிள்யூ, ரெண்டு ஈ, கே. ரெண்டு ஈ போட்டா வாரம். எழுத்து தெரியாம சத்தத்தை மட்டும் வெச்சுண்டு பேசப்படாது."

ரெண்டு ஈயாம். எனக்கு ஈ என்றால் பண்டத்தில் மொய்க்கிற ஈதான் தெரியும். அந்த கம் விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன். தந்தியில் எல்லாம் சுருக்கித்தான் அடிப்பார்கள் என்று ஒரே போடாகப் போட்டார். பிறகு உள்ளே திரும்பி மாமியிடம் சமையல்கட்டு இங்கிலீஷ் தந்தி வரைக்கும் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. தந்தியை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இறங்கி என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவுக்குப் பருப்புப்பொடி இடித்தேன். ஜமக்காளத்தை உதறி வெயிலில் போட்டேன். அவருக்கென்று வெற்றிலைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். இரண்டு நாள் முழுசாக இப்படிப் போயிற்று. கை ஒரு பக்கம் இடித்துக்கொண்டிருக்கும், மனசு ஒரு பக்கம் அப்படி இருக்காது அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். என் அப்பா வாய் ஓயாமல் பேசுகிறவர். என்னை ரயிலேற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டி நகருகிற வரைக்கும் பேசினார், நகர்ந்த பிறகும் கூடவே நடந்து பேசினார். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டால் ஆறு மாதம் முன்னாலிருந்தே அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். மூன்று சொல்லில் நிறுத்துகிற ஆசாமியா அவர்? யார் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்று பார்க்கத்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. பார்த்தேன், தெரிந்தது. தெரிந்தும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை. ஹெட் கிளார்க்குக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தீதி வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனேயே என்ன என்று கேட்டாள். விஷயத்தைக் கொட்டினேன். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தந்தி ஆபீஸ்காரனையே கேட்டுவிட்டால் போகிறது என்று குதிரை வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த நாளில் அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கமாட்டார்கள். அவள் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். நமக்கு அந்த வழக்கம் கிடையாதே. நான் இறங்கி நேரே ஜன்னலண்டை போய் நின்றேன். அங்கே இருந்த ஆண்கள் எல்லாம் விலகி நின்று பார்த்தார்கள்.

தந்தி பாபு வயசானவர், வெற்றிலை போட்ட வாய். காகிதத்தை நீட்டி, இந்த எழுத்தில் தப்பு இருக்குமா என்று வங்காளியில் கேட்டேன். ஒரு பார்வைதான் பார்த்தார். எழுதிக் கொடுப்பவர்கள் எப்படி எழுதிக் கொடுக்கிறார்களோ அப்படியே அடிப்பதுதான் தங்கள் வேலை, தினமும் இந்த மாதிரித் தப்பு எத்தனையோ வரும் என்றார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே ஒன்று கேட்டார். ஒரு வாரம் கழித்து வருகிறவன் கார்டு போடுவான் அம்மா, தந்தி எதற்கு அடிப்பான்?

அவ்வளவுதான். இதற்கு எந்தக் காலேஜில் படிக்க வேண்டும், சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி வேண்டுமா, ஹெட் கிளார்க் உத்தியோகம் வேண்டுமா? ஊருக்குக் கிளம்புவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சிம்லாவுக்கு ஒரு தந்தி எழுதச் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, நான் போகிறேன் என்று. 'ஃபாதர் வீக் கோயிங்' என்று பாபு எழுதினார். எந்த வீக் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிய காகிதத்தை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். இரண்டு ஈ இல்லை, ஒரு ஈயும் ஓர் ஏயும். முதன்முதலாக எனக்கு ஓர் இங்கிலீஷ்ச் சொல்லுக்கு எழுத்து தெரிந்தது அன்றைக்குத்தான்.

வண்டியில் ஏறியதும் தீதி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "எக்குனி ஜாவ்" என்றாள். இப்போதே போ என்று அர்த்தம். அவள் புருஷன் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். நான் மூட்டையோடு வாசலில் நிற்கும்போது மாடி மாமா ஆபீஸிலிருந்து வந்தார். ஆம்படையான் உத்தரவு இல்லாமல் ஒரு பெண்பிள்ளை தனியாக ரயிலேறுவதாவது என்று சத்தம் போட்டார். அப்பா வருகிற நாளில் வீடு பூட்டிக் கிடக்குமே என்றும் சொன்னார். அப்போதுகூட அவருக்கு இரண்டு ஈதான். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தீதியோடு குதிரை வண்டியில் ஏறினேன். வாத்தியார் என்னை ஹௌராவில் பெண்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்.

இரண்டு ராத்திரி, மதராஸில் வண்டி மாறி இன்னொரு ராத்திரி. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் பேச்சு நின்றுபோயிருந்தது.

அதுவரைக்கும் பேசிக்கொண்டேதான் இருந்தார் என்று அம்மா சொன்னாள். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டால், வந்துட்டாளா பாரு என்பாராம். என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். என்னிடம் சொல்லு, நான் சொல்கிறேன் என்று அண்ணா கேட்டதற்கு, அவளிடமே சொல்லிக்கொள்கிறேன் என்றுவிட்டாராம். நாலு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு நாளும் அந்த உதடு அசைந்தது. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு அர்த்தம் கண்டுபிடிக்கப் பழகியவளுக்கு, சத்தம் இல்லாததை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் போய்விட்டார்.

கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். தந்தி வந்த அன்றைக்கே கிளம்பியிருந்தால் இரண்டு நாள் முன்னால் போயிருப்பேன். பருப்புப்பொடி இடித்த இரண்டு நாள்.

அண்ணா தந்தி ஆபீஸில் அவசரத்தில் காதில் விழுகிறபடி எழுதிக் கொடுத்திருக்கிறான். தெரிந்ததும் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனும் என்னைப்போலச் சத்தத்தை நம்பினவன்தான்.

காரியங்கள் முடிந்து, வெயில் காலம் போகிற வரைக்கும் அம்மாவோடு இருந்துவிட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பினேன். சிம்லாவிலிருந்து இவரும் வந்துவிட்டார். மாடி மாமா துக்கம் கேட்க வந்தார். எல்லாம் பகவான் செயல் என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்கண்ணா எழுதினதுதாம்மா தப்பு. நான் படிச்சது சரி."

படித்தது சரியாம். என் அப்பா வாய் அடைத்துப்போய்க் கிடந்தார், இவர் படித்தது சரி. நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஸ்பெல்லிங் அப்படி இருந்தால் மாமாதான் என்ன பண்ணுவார் என்றார். எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வாய்தான். யார் சொல்கிறார் எதற்குச் சொல்கிறார் என்று பார்க்கச் சொன்ன வாய். மாமாவுக்கு எதிரே அது எப்படி மறந்துபோயிற்றோ தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பரீட்சை நெருங்கிவிட்டது. நான் நோட்டைத் தொடவில்லை.

"எழுத்தோட சொல்லிக் கொடுத்தா படிக்கறேன். இல்லேன்னா வேற வாயைப் பாருங்கோ" என்றேன்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஏ, பி, சி கற்றுக்கொண்டேன். அவர் பரீட்சை பாஸ் செய்தார். ஒரு வருஷத்தில் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் பெண்கள் மாடிக்குப் போகாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் எழுத்தையும் பார்ப்பேன், வந்து நிற்கிறவள் முகத்தையும் பார்ப்பேன், வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்றும் கேட்பேன். அதன் பிறகுதான் வாசிப்பேன். மாடி மாமாவுக்கு இதில் மனத்தாங்கல் என்று மாமி சொல்லி அனுப்பினாள். இருக்கட்டும் என்றேன்.

இப்போது என் பேத்தி பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே ஜாபிதாவை உருப்போடுகிறாள். ரைட், ரைட், ஃப்ளவர், ஃப்ளவர், வீக், வீக். எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொல்லிவிட்டு, சரிதானே பாட்டி என்கிறாள். சரிதான் என்கிறேன். மாடி மாமாவை நான் என்றோ கைகழுவிவிட்டேன். தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருந்தாளே பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி, அவள்மேல் இருக்கிற கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதும் இல்லை.